தோல் மூட்டைக்காரர்கள் போன பக்கம்

பெங்களூரில் நான் பார்க்கும் வேலையைச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். வெளிநாட்டு ஆவணக் காப்பகம் ஒன்றின் பழைய புகைப்படங்களைக் கணினியில் பார்த்து, என்ன இருக்கிறது என்று நாலு வரி எழுத வேண்டும். ஆறு மாதமாகக் கனடாவின் வடகோடிதான். மரப்பட்டை ஓடங்கள், ஏரிகள், விலங்குத் தோல் மூட்டைகள், பனி. பனியை நான் ஃப்ரீசரில்தான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் படத்தில் ஐந்து பேர். ஆற்றில் பாறை மறித்த இடம். இரண்டு பேர் ஓடத்தைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கியிருக்கிறார்கள். மற்ற மூவர் முதுகில் தோல் மூட்டை; அதன் வார் நெற்றியை அழுத்துகிறது. மூவருக்கும் முகம் தொங்கிப் போயிருந்தது. ‘வேலை முடிந்து முகாமுக்குத் திரும்புகிறார்கள்’ என்று எழுதினேன். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துப் பக்கம் பிறந்தவளுக்கு ஷிஃப்ட் முடிந்து வருகிற ஆளைத் தெரியாதா?

திருப்பி அனுப்பிவிட்டார்கள். படத்தின் பின்னால் பென்சிலில் ‘காலைப் புறப்பாடு’ என்று இருக்கிறதாம். எழுதினவன் ஓடத்தில் உட்கார்ந்து போன துரையாக இருப்பான், அவனுக்கு என்ன தெரியும் என்று எரிச்சல் வந்தது. மாற்ற மாட்டேன் என்றேன். மேலாளர் என்னைவிடப் பத்து வயது சின்னவள். சத்தம் போடவில்லை. இது மூன்றாவது பிழை, திங்கட்கிழமைக்குள் திருத்தாவிட்டால் இரவு அணிக்கு மாற்றிவிடுவேன் என்றாள். தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் போய்வருகிறவள் நான்; இரவு அணி என்றால் ராத்திரி வீட்டில் இருக்க முடியாது. வீட்டில் என் அப்பா, நைனா, ஒருவர்தான். மூச்சிரைப்புக்காரர், ராத்திரி எழுந்து உட்கார்ந்தால் முதுகைத் தடவ ஆள் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சோறு வடித்துவிட்டுப் படத்தைப் போனில் நைனாவிடம் காட்டினேன். முப்பது வருஷம் சுரங்கத்தில் இறங்கினவர், என் பக்கம்தான் பேசுவார் என்று நம்பினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“போறவங்கம்மா இவங்க.”

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு ஓய்ந்துபோய் இருக்கிறார்களே என்றேன். உடம்பு எவ்வளவு நொந்தாலும் சுரங்கத்திலிருந்து கேஜில், அந்த இரும்புக் கூண்டில், மேலே வரும்போது ஒருத்தரையொருத்தர் கிண்டல் பண்ணிக்கொண்டுதான் வருவோம் என்றார். முகம் தொங்குவதெல்லாம் இறங்கும்போதுதானாம்.

நான் விடவில்லை. “அவ்ளோ கரெக்டா எப்பிடி சொல்றே நைனா?”

போனைத் திருப்பிக் கொடுத்தார். “தெனம் காலைல நீ செருப்பு மாட்டிக்கினு கெளம்பறியே, பாக்கறேன் இல்ல? இதே மொகந்தான்.”

அன்றைக்கே திருத்தி அனுப்பினேன். ‘காலை. புறப்படுகிறார்கள்.’

திங்கட்கிழமை செருப்பு மாட்டும்போது, அவர் கட்டிலிலிருந்து பார்ப்பது தெரிந்து, சிரிக்கப் பார்த்தேன்.

“வாணாம்மா,” என்றார். “ரயிலு போய்டும்.”