சொல்லாமல் விட்ட இருபத்திரண்டு நாள்

எங்கள் மூன்றாவது பிள்ளைக்கு ஒன்பது மாதம் நிறைந்த கிழமையில் மனைவிக்குக் கருத்தடைக்காக லூப் வைத்தார்கள். அதற்கு முன் குடித்த கருத்தடை மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை; தினமும் வாந்தி. லூப் என்றால் பல வருடத்துக்குக் கவலையில்லை என்று மிட்வைஃப் மிஸ் சிங்களத்தில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். மனைவி இரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் மட்டும் படித்தவள். கிளினிக்கில் அவளுக்காகப் பேசுவது நான்தான்.

இரண்டாவது மாதமே இரத்தப்போக்கு கூடியது. மழை, பஸ் வந்த நேரம், பிள்ளைகளின் காய்ச்சல் என்று எதையும் தேதி போட்டு எழுதுகிறவன் நான். அதையும் எழுதினேன். பெப்ரவரியில் பதினொரு நாள். மார்ச்சில் இருபத்திரண்டு.

மார்ச் கடைசிச் செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போனோம். பின்னால் பெஞ்சில் ஆறேழு பெண்கள். இரண்டு பேர் எங்கள் ரோட்டுக்காரர்கள். நடுவில் ஒரு திரைகூட இல்லை. மனைவி என் பக்கம் சாய்ந்து, "மணிக்கு ஒருக்கா துணி மாத்துறேன், எந்திரிச்சா தல சுத்துதுன்னு சொல்லுங்க" என்றாள்.

கொஞ்சம் கூடுதலாகப் போகிறதாம் என்று மட்டும் சொன்னேன். துணியைப் பற்றி அத்தனை பெண்களுக்கு முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. எத்தனை நாள் என்று மிஸ் கேட்டார். ஆறேழு என்றேன்; அதைக் கார்டில் எழுதினார். ஆரம்பத்தில் அப்படித்தான் என்று அவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

பஸ்ஸில் அவள் கேட்டாள். "எல்லாம் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் காலையில் குழாயடியில் விழுந்தாள். மாத்தளை ஆஸ்பத்திரியில் இரண்டு பை இரத்தம் ஏற்றி, லூப்பையும் எடுத்தார்கள். அங்கே ஒரு தாதி தமிழ் பேசினார். எத்தனை நாளாக இப்படி என்று அவளிடமே கேட்டார்.

"அவருக்குத்தான் சரியா தெரியும். எழுதி வச்சிருக்காரு."

நான் கணக்கைச் சொன்னேன். தாதி கையிலிருந்த கிளினிக் கார்டைத் திருப்பிப் பார்த்தார். "இதுல ஆறேழு நாள்னுல்ல இருக்கு?"

மனைவி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

இன்னொரு முறையைத் தெரிவு செய்ய மே மாதம் மறுபடி கிளினிக்குக்குப் போக வேண்டியிருந்தது. அவள் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அக்கா முறைக்கு ராத்தா என்று கூப்பிடுவாள். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. மிஸ் பெயரைக் கூப்பிட்டதும் பழக்கத்தில் நானும் எழுந்தேன்.

"நீங்க வெளிய இருங்க. ராத்தா சொல்லுவாங்க."

கிளினிக் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்பது நிமிடம் நின்றேன். திரும்பும்போது இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்கு வந்து, எதைத் தெரிவு செய்தாய் என்று கேட்டேன்.

"எனக்கு ஒத்துவாரதத்தான்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள். அது ஊசியா, வேறேதாவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.