மஞ்சள் புள்ளி வைத்த சிம்பல்

என் தங்கை மைதிலியின் வலது கால் நின்று நான் பார்த்ததில்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் அவள் சம்மணம் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தாலும் அந்த முழங்கால் மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருக்கும். அவள் தட்டு மெல்ல மெல்ல என் பக்கம் நகர்ந்து வரும். காலை ஆட்டாதே, வீட்டுக்கு ஆகாது என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்வாள். முழங்காலைத் தட்டி நிறுத்துகிற வேலை என்னுடையது. எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். பத்து வருஷம் தட்டியிருப்பேன்.

அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றதும் அம்மாவோடு சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்கே போய்விட்டார். நாங்கள் இருவரும் மேனாம்பேட்டில் நாகம்மாள் என்பவரின் வீட்டு மாடியில் குடியிருக்கிறோம். நான் பத்தாவதோடு நின்றவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரி பாகம் செய்கிற கம்பெனியில் பதினெட்டு வருஷமாக இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒரு நட்டை முறுக்கிச் சரிபார்த்ததும் அதன்மேல் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு புள்ளி வைப்போம். புள்ளி விழுந்துவிட்டால் அந்த நட்டு முடிந்தது. பிறகு யாரும் தொடக் கூடாது. தொட வேண்டுமென்றால் புள்ளி வைத்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். லேசாக ஆடுகிற பாகத்தை ‘ப்ளே இருக்கு’ என்று சொல்லி சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவோம். ப்ளே இருக்கிற பாகம் ஒன்றுகூட என் மேசையைத் தாண்டிப் போனதில்லை.

அதே மாதிரி பெயின்ட் பேனா ஒன்று வீட்டுக்கும் வாங்கி வைத்திருக்கிறேன். குக்கர் கைப்பிடி, மின்விசிறி, ஜன்னல் கொக்கி, மைதிலியின் ஸ்கூட்டர் கண்ணாடி எல்லாவற்றிலும் என் புள்ளி இருக்கும். ஒரு தடவை அவள் கண்ணாடியைத் திருப்ப வேண்டி என்னைக் கேட்காமல் நட்டைத் தளர்த்திவிட்டாள். பாடி மேம்பாலத்தில் கண்ணாடி கழன்று லாரிச் சக்கரத்தில் போனது. அன்றிலிருந்து என் புள்ளி மேல் அவள் கை வைத்ததில்லை.

அவள் படித்தது லேப் டெக்னீஷியன். திருவேற்காட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ஆறு மணிக்கு ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக் கிளம்பினால், பதினோரு மணிக்குள் பதினைந்து வீட்டில் ரத்தம் எடுத்துவிடுவாள். ஊசி ஏறும்போது மட்டும் கால் நின்றுவிடும் என்று அவளே சொல்வாள். நான் பார்த்ததில்லை.

பூந்தமல்லியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அமீருதீன் அவளுடைய வாடிக்கையாளர். சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை எடுக்க வேண்டும். நடுவில் மற்ற வீடுகளுக்குப் போய்விட்டு வருவாள். போன வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் மழை விடாமல் பிடித்துக்கொண்டதால் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளறையில் யாரோ கிடார் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி ஒரு சத்தம், வேகமாக, ஒரே கம்பியில் படபடவென்று. இவள் கால் ஆரம்பித்தது. பிறகு கையும் ஆரம்பித்து, மடியில் இருந்த ஐஸ் பெட்டி மேல் இரண்டு பேனாக்களால் தட்டத் தொடங்கிவிட்டாள். இந்தப் பொண்ணு ரத்தம் எடுக்க வந்துச்சா, கச்சேரிக்கு வந்துச்சா என்று அமீருதீன் கேட்டாராம். கிடாரை நிறுத்தாமலே அவர் மகன் ஜாகிர் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, அந்தப் பேனாக்களைப் பார்த்தபடி கடைசிவரை வாசித்திருக்கிறான். இரண்டு மணி நேரம் போனது அமீருதீனுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

அப்படித்தான் மைதிலி ஜாகிரின் குழுவில் சேர்ந்தாள். அவர்கள் வாசிப்பது சர்ஃப் இசை. அமெரிக்கக் கடற்கரையில், பலகை மேல் நின்று அலையில் சறுக்கி விளையாடுகிறவர்கள் கேட்ட இசை என்று மைதிலி எனக்கு விளக்கினாள். நாகம்மாளிடம் நான் அந்தப் பெயரைச் சொன்னதும், சோப்புத் தூள் விளம்பரத்துக்கா என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டு நாள் மாடியில் மைதிலி ஃபோனில் போட்டதற்குக் காதைக் கொடுத்துவிட்டு, “இன்னாம்மே, பாட்டு எப்போ வரும்? அடிச்சிக்கினே கீறாங்க,” என்றார். பாட்டே கிடையாது என்பதை அவரால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. கிடார் பாடும். டிரம் அலை மாதிரி உருண்டு வந்து உடையும். சிம்பல் என்கிற பெரிய பித்தளைத் தட்டு விடாமல் ஒலித்து ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டம் நின்றால் இசை தரைதட்டிவிடும். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்.

டிரம் செட் வாங்குகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். முழு செட்டில் காலால் அடிக்கிற பெரிய டிரம் இருபத்திரண்டு அங்குலம். எங்கள் மாடிப்படியின் அகலம் இருபத்து நான்கு. தூக்குகிறவர் கையை எங்கே வைப்பது? பட்டாபிராம் பக்கம் ஒரு சர்ச்சில் புது செட் வாங்கியதால் பழைய சின்ன செட்டைக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தோம். காலால் அடிக்கிற டிரம் பதினாறு அங்குலம்தான். மற்றவை அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிவிடும். ஸ்கூட்டரில் இரண்டு நடையில் வீடு வந்துவிட்டது.

ஆனால் டிரம் சின்னதாக இருந்ததால் பெடலின் சுத்தி நடுவில் விழாமல் இரண்டரை அங்குலம் மேலே விழுந்தது. ‘டப்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘டிக்’ என்றது. எங்கள் கம்பெனியில் லேத் ஓட்டுகிற கஜபதி, கழிவு அலுமினியத்தில் டிரம்மைத் தூக்கி நிறுத்த ஒரு தாங்கி கடைந்து கொடுத்தார். அளவு நான் எடுத்தது. சுத்தி நட்ட நடுவில் விழுந்தது. மைதிலி ஒரு மணி நேரம் அந்தப் பெடலை விட்டு இறங்கவில்லை. இத்தனை வருஷம் நான் தட்டித் தட்டி நிறுத்தப் பார்த்த காலுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஜாகிருக்கு அவள் கையில் சந்தேகம் இல்லை. செட்டில்தான் சந்தேகம். பொம்மை செட் மாதிரி கீது, கடல் மாதிரி சத்தம் வரணுமே என்று என் எதிரிலேயே சொன்னான். கோவளம் கடற்கரையில் அலைச்சறுக்குப் போட்டி ஒன்று நடக்கவிருந்தது. இறுதி நாள் மாலையில் வாசிக்க அவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். வேளச்சேரியில் பெரிய செட்டும் காரும் வைத்திருக்கிற ஒருவர் டிரம் வாசிக்கத் தயாராக இருந்தார். ஜாகிர் முடிவைத் தள்ளிப்போட்டான். எஸ்டேட்டில் ஒரு பழைய குடோனில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் இந்த மாதிரி குழுக்கள் வாசிப்பார்கள். அங்கே ஒருமுறை வாசிப்போம், சின்ன செட் அந்தக் குடோனை நிரப்பினால் கோவளத்துக்கு மைதிலி, இல்லையென்றால் அவர் என்றான். மைதிலி சரி என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் சோற்றை அள்ளுவாள், வாய்க்குக் கொண்டுபோக மாட்டாள். தூக்கத்தில் கட்டில் சட்டத்தை உதைத்தாள். எனக்கும் கம்பெனியில் ஒரே பாகத்தை இரண்டு முறை அளக்கிற வியாதி வந்தது.

சனிக்கிழமை மாலை அவள் வெளியே போயிருந்தபோது செட்டைத் துடைக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்த்தேன். ஸ்டாண்டின் கால்களில் லேசான ஆட்டம். சின்ன டிரம்மின் பிடியில் ஆட்டம். பெரிய சிம்பலோ கம்பியின் உச்சியில் தொளதொளவென்று கிடந்தது, ஊதினால் சாய்கிறது. அதன் மேல் இரண்டு காது நீட்டிய நட்டு அரைகுறையாக நின்றது. இப்படியா கச்சேரிக்குக் கொண்டுபோவது என்று எனக்குக் கோபமே வந்தது. குறடு எடுத்து எல்லாவற்றையும் முறுக்கினேன். சிம்பல் அசையாமல் நின்றது. மொத்தம் முப்பத்தோரு நட்டு. முப்பத்தொன்றுக்கும் புள்ளி வைத்தேன். இரவு அவள் வந்தபோது எல்லாம் போர்வைக்குள் கட்டியாகிவிட்டது.

ஞாயிறு காலையும் அவளுக்கு ரத்தம் எடுக்கிற வேலை இருந்தது. வாடகைக்கு ஓட்டும் எத்திராஜின் குட்டியானை வண்டியில் செட்டை நான் ஏற்றிப்போனேன். சிம்பலைக் கழற்றாமல் ஸ்டாண்டோடு அப்படியே மடியில் பிடித்துக்கொண்டு போனேன். குடோனில் அறுபது பிளாஸ்டிக் நாற்காலிகள், தகரக் கூரை. எங்கள் கம்பெனியிலிருந்து இரண்டு தெரு. தரையில் சுண்ணக்கட்டியால் குறித்து, வீட்டில் இருக்கும் அதே தூரத்தில் எல்லாவற்றையும் நிறுத்தினேன். மைதிலி வேர்க்க வேர்க்க ஓடி வந்து உட்காரவும், ஜாகிர் ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது.

முதல் உருட்டல் நன்றாகத்தான் வந்தது. பிறகு சிம்பலுக்குப் போனாள். ‘டங்’ என்று பரவ வேண்டியது ‘டக், டக்’ என்றது. சட்டியின் அடியைக் கரண்டியால் தட்டுகிற மாதிரி. அவள் முகம் மாறியது. ஜாகிர் திரும்பிப் பார்த்தான். இரண்டு நிமிஷத்தில் ஒன்று முடியும், மூச்சு விடாமல் அடுத்தது தொடங்கிவிடும். அதுதான் அவர்கள் பழக்கம். இடையில் அவள் ஒரு கையால் அந்த நட்டைத் தொட்டாள், விட்டுவிட்டாள். சிம்பலைத் தவிர்த்து டிரம் ஓரத்தில் தட்டிப் பார்த்தாள். இசை காய்ந்துபோனது. முன்வரிசையில் இருவர் ஃபோனை எடுத்துவிட்டார்கள். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். என் காலே ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பக்கத்தில் இருந்தவர் பார்த்ததால்தான் தெரிந்தது.

சிம்பல் விரிசல் விட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் வேலையில் வார்ப்புப் பாகத்தில் விரிசலைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பாகத்தைக் கொக்கியில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியால் தட்டுவோம். நல்ல பாகம் மணி மாதிரி ஒலிக்கும். விரிசல் இருந்தால் அடைத்த சத்தம். புதிதாக வரும் பெண்கள் பாகத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தட்டிவிட்டு, விரிசல் என்று எழுதுவார்கள். பிடிக்காதே, தொங்க விடு என்று பதினெட்டு வருஷமாக அவர்களுக்குச் சொல்கிறவள் நான்தான். அது ஞாபகம் வந்ததும் சிம்பலின் உச்சியில் இருந்த நட்டைப் பார்த்தேன். சிம்பலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது என் புள்ளி.

மூன்றாவது முடிவதற்குள் எழுந்துவிட்டேன். கைப்பையில் எப்போதும் குறடு இருக்கும். ஜாகிர் அடுத்ததைத் தொடங்கக் கையைத் தூக்கினான். நான் அவனுக்கு முன்னால் குனிந்து போய் சிம்பல் பக்கம் மண்டியிட்டேன். அவன் கை அப்படியே நின்றது. நாற்காலிகளில் யாரோ சிரித்தார்கள்.

“ஏன்டி கழட்டல?” என்றேன் மெதுவாக.

“கையால வரல. மேல உன் புள்ளி வேற.”

குறட்டால் திருப்பினேன். பெயின்ட் உடைந்து உதிர்ந்தது. மறுபடி எவ்வளவு முறுக்குவது என்று தெரியாமல் அவளைப் பார்த்தேன்.

“விட்டுடுக்கா. ஆடட்டும்.”

நான் உட்காரப் போகும் முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். இந்த முறை சிம்பல் கம்பியில் ஊஞ்சல் மாதிரி ஆடியது, ஒவ்வோர் அடிக்கும் அந்தப் பக்கம் சாய்ந்து திரும்பி வந்தது. சத்தம் தகரக் கூரை வரை போய் அங்கேயே தங்கிக்கொண்டது. அதற்கு அடியில் அந்தப் பதினாறு அங்குல டிரம். சின்னதாக இருந்ததால் அடித்தவுடன் நின்று அடுத்ததற்கு இடம் விட்டது. அவள் கால் எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. ஃபோனை எடுத்த இருவரும் இப்போது படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜாகிர் அதற்கப்புறம் திரும்பிப் பார்க்கவே இல்லை. மீதி ஐந்தையும் வாசித்து முடித்தார்கள்.

முடிந்ததும் ஜாகிர் கோவளம் பற்றிய முடிவைச் சொல்லாமல் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். முதல் மூன்று காய்ந்துபோனது அவன் காதில் இருக்காதா? திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் மைதிலி ஃபோனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு மூன்று நாளும் வைத்தேன்.

வியாழக்கிழமை காலை அமீருதீனுக்கு ரத்தம் எடுக்கப் போன இடத்திலிருந்து கூப்பிட்டாள். நான் மேசையில் பாகத்தோடு நின்றிருந்தேன். ஜாகிரே பேசட்டும் என்று ஃபோனை அவனிடம் கொடுத்தாள்.

“அக்கா, கோவளத்துக்கு அந்தச் சின்ன செட்டே எடுத்துகினு வாங்க,” என்றான். “ஆனா வழியில அந்த நட்டாண்ட போய்டாதீங்க. மேட்டர் முடிஞ்சிடும்.”

பின்னால் அமீருதீன் என்ன சிரிப்பு என்று கேட்பதும் மைதிலி சொல்வதும் கேட்டது.

நாளை கிளம்புகிறோம். எத்திராஜ் விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி கொண்டுவருகிறார். செட்டைத் துடைத்துவிட்டேன். முப்பது நட்டில் என் புள்ளி இருக்கிறது, அதை அவளும் தொடவில்லை. சிம்பல் மட்டும் ஜன்னல் காற்றுக்கு மெல்லச் சாய்ந்து நிமிர்கிறது. அரை மணி நேரமாக எதிரில் உட்கார்ந்து பார்க்கிறேன். ப்ளே இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. குறட்டைக் கொண்டுபோய் நாகம்மாளிடம் கொடுத்து, நாளை நாங்கள் திரும்பி வரும் வரை வைத்திருங்கள், கேட்டாலும் தராதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.