கிரேக்கர் கல்லில் விபூதி

வளைகுடாவில், அப்பாசியாவில் இருந்த எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு செயலாளர் இருந்தார். பழைய கல் எதைக் கண்டாலும் தமிழன் நட்டது என்பார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் தலைமையில் ஐம்பது பேர் ஃபைலக்கா தீவுக்குப் படகேறினோம். எலுமிச்சை சாதம், வடை, மைக் செட் எல்லாம் கூட வந்தன. மூளையை மட்டும் கரையிலேயே விட்டுவிட்டோம்.

தீவில் கிரேக்கர்கள் கட்டிய ஊர் ஒன்றின் மிச்சம் கிடக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு, இகாரோஸ் என்று பெயர் வைத்துக் கோட்டையும் கோயிலும் எழுப்பியிருக்கிறார்கள். இப்போது முழங்கால் உயரச் சுவர்களும் சில கற்களும்தான் பாக்கி. இதையெல்லாம் முன்பே படித்திருந்தேன், சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

"கிரேக்கனாவது மண்ணாவது! ஆவுடையார் மாதிரியே இருக்கு பாருங்க. இது நம்ம சிவன் கோயில் சார்!" என்றார் செயலாளர். அவர் காட்டியது ஒரு தூணின் அடிக்கல்.

காவலுக்கு இருந்த அறந்தாங்கிப் பக்கத்துக்காரர் ஓடி வந்தார்.

"சார், கயித்தத் தாண்டாதீங்க சார். மேல தெரிஞ்சா விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு ஏத்திருவாங்க. தையில தங்கச்சி கல்யாணம் வச்சிருக்கேன்."

"நம்ம சாமிக்கு நீயே குறுக்க நிக்கலாமாப்பா?"

செயலாளர் காவலாளியின் நெற்றியிலும் விபூதி பூசிவிட்டுக் கயிற்றைத் தாண்டினார். கல்லுக்கு மூன்று பட்டை, நடுவில் குங்குமம். சாம்பார் வாளியின் மூடியில் கற்பூரம் ஏற்றினார். படித்த கூட்டம், இன்ஜினியர்களும் ஆடிட்டர்களும், கன்னத்தில் போட்டுக்கொண்டது. எனக்குத் தூவென்று துப்பலாம் போலிருந்தது. காவலாளி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். அன்று மாலையே யாரோ எடுத்த படம் வாட்ஸாப்பில் ஊரெல்லாம் சுற்றியது.

இரண்டு மாதம் கழித்து அலுவலக நண்பர்களோடு மறுபடி அங்கே போனேன். காவலுக்கு ஒரு நேபாளி நின்றிருந்தார். பழைய ஆள் எங்கே என்று கேட்டேன்.

"வோ பாய்? கலாஸ். விசா கேன்சல்." அந்த ஆள் கதை முடிந்தது என்று கையை விரித்தார்.

காரணத்தைக் காட்டத் தன் போனை எடுத்தவர், படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மூடியைப் பிடித்திருந்த செயலாளரின் மணிக்கட்டு மட்டும்தான் படத்தில் விழுந்திருந்தது. நடுவில், சுடருக்கு மேல் கையை நீட்டி, பக்தியாகக் கண்ணைப் பாதி மூடி நின்றவன் நான். கற்பூரம் முகத்துக்கு நேரே வந்ததும், அது கிரேக்கர் கல் என்று தெரிந்த எனக்கும் கை தானாகப் போயிருக்கிறது.