வம்சாவளிப் பக்கம்

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. ஐம்பதுகளின் கடைசியில் கல்யாணமாகி புனாவில் போபோடி என்ற பேட்டைக்கு வந்தபோது பால்காரர் முதல் என் வீட்டுக்காரர் வரை எல்லோர் மேலும் ஒரு கண் வைத்திருந்தேன். பாஜிக்காரியின் தராசை எட்டிப் பார்க்காமல் ஒரு கத்தரிக்காய் வாங்கியதில்லை. மராத்தி வராது. அந்தச் சந்தில் தமிழ் பேசக் கிடைத்தவள் பக்கத்து வீட்டு அக்கா ஒருத்திதான்.

அக்கா எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தாள். வாரப் பத்திரிகையில் வந்த மாயாஜாலத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து அவளே தைத்தது. ஏழு தீவுகள், மூன்று அரச குலங்கள், பாட்டன் பெயரே பேரனுக்கு. முன்னால் வரைபடம், பின்னால் யார் யார் என்ற விவரம். கதையில் ஒரு விரலும் பின்பக்கத்தில் ஒரு விரலும் வைத்துக்கொண்டுதான் படிக்க முடியும். மூத்த ராணி உண்டாகியிருக்கிறாள், பிள்ளை பிறந்தால் பட்டம் அதற்கா, கொழுந்தனுக்கா என்ற இடத்தில் எனக்குத் தலை சுற்றியது. பின்னால் புரட்டினால், 'வம்சாவளியைக் காண்க' என்று போட்டிருந்தது. வம்சாவளியைத்தான் காணோம்.

தையலோரத்தைத் தடவிப் பார்த்தேன். பழைய கிழிசலென்றால் பழுப்பேறியிருக்கும். இது வெள்ளை வெளேரென்று இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் நான் அவள் வாசலில் போய் நிற்க வேண்டும், அதற்குத்தான் இந்த வேலை என்று முடிவே கட்டிவிட்டேன். ஏழாம் மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"அக்கா, வம்சாவளிப் பக்கம் எங்க?"

"தைக்கறப்பவே விட்டுப்போச்சுடி."

"ஓரம் புதுசா கிழிச்ச மாதிரி இருக்கே?"

அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். "உனக்குப் பிரசவம் ஆகட்டும். தேடித் தரேன்."

"அப்ப உங்ககிட்டதான் இருக்கு. என்னை எதுக்கு ஏமாத்தறீங்க?"

சண்டை முற்றினால் அப்புறம் சுவரோடுதான் தமிழ் பேச வேண்டும். தெரிந்தும் நான் விடவில்லை. அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினாள்.

மூத்த ராணிக்குக் கீழே மூன்று கறுப்புக் கட்டங்கள். ஒன்றிலும் பெயரில்லை. கறுப்புக் கட்டமென்றால் பிறந்ததும் இறந்த குழந்தை என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. என் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

"வாயும் வயிறுமா இருக்கறவ பாக்க வேண்டாம்னுதான் எடுத்து வெச்சேன்" என்றாள்.

வெட்கமாக இருந்தது. "கதைதானே அக்கா" என்றேன்.

"கதைதான்" என்று தாளை வாங்கி மடித்தாள். "எனக்கு நிஜமாவே ரெண்டு கட்டம்டி."