அப்பாவுக்குப் போட்ட நாற்காலி

எங்கள் வீட்டில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. அக்காவைப் பெண் பேச வந்த அன்று, வந்தவர்களுக்கு எதிரே அதைப் போட்டு, மேலே ஒரு சொம்பை வைத்து, சொம்பில் செல்போனைச் சாய்த்து வைத்தார் பெரியப்பா. போனில் அப்பா இருந்தார். கப்பல் வேலைக்காரர். எங்கோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பலிலிருந்து முகம் காட்டினார். கல்யாணப் பேச்சை வீட்டு ஆண்தான் பேச வேண்டும் என்பது எங்கள் வழக்கம். ஆண் இல்லையென்றால் ஆணின் படமாவது பேச வேண்டும்.

அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். வருடத்தில் முக்கால்வாசி அப்பா தண்ணீரில் கிடக்க, எங்களை ஆளாக்கியவள் அவள்தான். ஒழுகிய கூரையைக் கொத்தனார் கூடவே நின்று சரி செய்ய வைத்தாள். காய்ச்சலில் நான் நினைவில்லாமல் கிடந்தபோது தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அப்போதெல்லாம் யாரும் ஆணைத் தேடவில்லை.

"நர்சிங் முடிய இன்னும் ஒரு வருசந்தான் கெடக்கு. அவ முடிக்கட்டுமே" என்று அம்மா உள்ளிருந்து சொன்னாள்.

பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ சும்மா இரும்மா. இங்கன தம்பி இருக்காம்லா, அவன் சொல்லட்டும்" என்றவர், போனிடம் குனிந்து, "என்னலே, சம்மதந்தான?" என்றார். அப்பா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. முகம் கீழே போய் மேலே வந்தது, படம் அப்படியே நின்றுவிட்டது.

"தம்பி தலையாட்டிட்டான்! எல்லாம் மாதா புண்ணியம்!" தட்டை மாற்றிவிட்டார்கள்.

சாயங்காலம் லைன் கிடைத்ததும் அப்பா அம்மாவிடம் கத்தினார். "ஏளா, நான் எப்போ தலையாட்டுனேன்? கப்பல்லா ஆடிச்சு! புள்ள படிக்கட்டும்னுல்லா சொன்னேன்!" சபையில் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்று பெரியப்பா முடித்துவிட்டார். அடுத்த ஞாயிறே மாதா கோவில் பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஊரறிய ஓலை வாசித்தார்கள். அக்காவின் வெள்ளைக் கோட்டு பெட்டிக்குள் போனது.

நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெற்றவள் வாய்விட்டுச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கடல் ஆட்டிய தலை சம்மதமாகிவிட்டது. உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து முகம் காட்டும் போன் வந்தும் என்ன? ஊரில் இல்லாத ஆணை நாற்காலியில் உட்கார்த்திவிட்டு, வீட்டில் இருக்கிற பெண்ணைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினோம். அவ்வளவுதான் நாங்கள் கண்ட முன்னேற்றம்.

போன மாதம் என்னைப் பெண் பேச வந்தார்கள். அப்பா மறுபடியும் கப்பலில். அதே நாற்காலி, அதே சொம்பு. பெரியப்பா போனைச் சாய்க்கக் குனிந்தபோது, அக்கா போய்ச் சொம்பைத் தூக்கிவிட்டாள். "இங்கன அம்மா உக்காரட்டும் பெரியப்பா. போனு அம்மா மடியில இருக்கட்டும்."

"ஆமாண்ணே, அதான் சரி" என்றார் போனுக்குள் அப்பா. இந்த முறை சத்தம் கணீரென்று வந்தது. பெரியப்பாவுக்கு மட்டும் அது கேட்கவில்லை.

அக்கா கதவுப் பக்கம் திரும்பினாள். "எம்மா, வந்து உக்காரு."

அம்மா வந்தாள். முந்தானையால் நாற்காலியை நன்றாகத் துடைத்தாள். துடைத்துவிட்டு, மறுபடியும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.