ஜெப்சி டீச்சரின் உயர மவுண்ட்

ஜெப்சி டீச்சருக்கு இருப்பே கொள்ளவில்லை. ராஜாக்கமங்கலம் வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் ஏர் ரைபிளைக் கிடத்தி, ஸ்கோப்பைக் கழற்றுவாள், மாட்டுவாள், மறுபடி கழற்றுவாள். ஸ்கோப் என்பது குறி பார்க்கிற குழல். அதைத் துப்பாக்கிமேல் பிடித்து நிறுத்துகிற வளையங்கள்தான் மவுண்ட். தாழ்ந்தது, நடுத்தரம், உயரம் என்று மூன்றும் கைவசம் இருந்தன. சனிக்கிழமை ரைபிள் கிளப்பில் போட்டி; மேசைமுன் உட்கார்ந்தே சுடுவது. அதற்குள் எதை மாட்டுவது என்று முடிவாகவேண்டும்.

கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குத் துப்பாக்கிப் பைத்தியம். கிளப்பில் எல்லாரும் தாழ்ந்த மவுண்ட் கட்சி. ஸ்கோப் துப்பாக்கிக் குழாயில் இடிக்காத மட்டும் தாழ்த்து, கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையில் பதியட்டும், குறி அசையாது என்பார்கள். இத்தனை வருஷமும் அப்படிச் சுட்டுத்தான் அவளும் பரிசு வாங்கினாள். கிளப்பைப் பார்த்துக்கொள்ளும் பெர்லின் உயர மவுண்டைக் கண்டால் விடமாட்டான். "மொட்டமாடியில வாட்டர் டேங்கு வச்சிருக்கான் பாரு" என்பான்.

போன வருஷம் ஜெப்சி ஸ்கூட்டர் சறுக்கி விழுந்து, கழுத்தெலும்பில் தகடு வைத்துத் திருகாணி முடுக்க வேண்டியதாயிற்று. வலி போனது, கழுத்து குனிவதும் கூடவே போனது. அதை அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. புருஷன் டெனிஷிடம்கூட எல்லாம் சரியாகிவிட்டது என்றே சொல்லி வைத்திருந்தாள். பி.டி. டீச்சருக்கு உடம்பு முடியவில்லை என்று பேர் வந்துவிடுமாம். வீம்பு, வேறென்ன.

அந்த வீம்பு சர்ச்சில்தான் மாட்டிக்கொண்டது. ஜெப நேரத்தில் பெண்கள் எல்லாரும் முக்காடிட்டுத் தலைகுனிந்திருக்க, இவள் மட்டும் விறைப்பாக உட்கார்ந்திருப்பாள். "கடவுளுக்கு முன்னாலயும் தல குனியமாட்டேங்குகா, எம்புட்டுத் திமிரு" என்று யாரோ சொன்னது டெனிஷ் காதுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும், "கொஞ்சம் தல குனிஞ்சா கொறஞ்சா போவே?" என்று கேட்டுவிட்டான். ஜெப்சி விறுக்கென்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாழ்ந்த மவுண்டை மாட்டிக் கன்னத்தைக் கட்டையில் வைக்கப் பார்த்தாள். இடுப்பை வளைத்தாள், தோளைச் சரித்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள். கண் அதற்கு நேராக இறங்கவில்லை; ஸ்கோப்புக்குள் பாதி இருட்டாகவே இருந்தது. நிமிர்ந்தபோது வாசலில் டெனிஷ் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

"ஒனக்குக் கழுத்து குனியாதா?"

அவள் திருகாணியைத் திருகினாள்.

"ஏட்டி, ஒன்னத்தான் கேக்குகேன்."

"குனியாது. இனி எப்பவும் குனியாதாம். டாக்டர் அப்பமே சொல்லியாச்சு." சொன்ன மாத்திரத்தில் அழுகை வந்துவிட்டது.

டெனிஷுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்தும் கண் என்ன பண்ணிக்கொண்டிருந்தது என்று நொந்துகொண்டான். "அப்ப ஒசரமானத மாட்டு" என்றான்.

"அதுல கன்னம் கட்டையில படாதுங்க. தல அந்தரத்துல நிக்கும், குறி ஆடும்."

அவன் உள்ளே போய், அலமாரி அடியில் அவள் ஒளித்து வைத்திருந்த ஆஸ்பத்திரிக் கழுத்துப்பட்டையை எடுத்து வந்தான். "இந்தப் பஞ்சு போதுமா பாரு."

இருவரும் அதை வெட்டி, கட்டையின் மேல் வைத்து வரிந்து கட்டினார்கள். ஜெப்சி உயர மவுண்டை மாட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக் கன்னத்தை அதில் சாய்த்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள். வட்டம் முழுசாகத் தெரிந்தது. முதலிலேயே இதைச் செய்து தொலைத்திருக்கலாம்.

மறுநாள் கிளப்பில் பெர்லின் பார்த்துவிட்டான். "டீச்சரும் டேங்கு வச்சாச்சா?"

"எனக்குக் கழுத்து குனியாது பெர்லின். அதான்."

அவன் துப்பாக்கியைத் தாங்கும் மணல்மூட்டையை அவள் உயரத்துக்குச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனான். ஜெப்சிக்கு மூன்றாம் பரிசு.

ஞாயிற்றுக்கிழமை போதகர் ஜெபிக்க அழைத்ததும் சபை முழுக்கத் தலை தாழ்ந்தது. ஜெப்சி முக்காட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்தே இருந்தாள். இன்றைக்கும் யாராவது பேசுவார்கள் என்ற நினைப்பில் மனம் அலைந்தது. பார்வை ஆண்கள் பக்கம் போனது. குனிந்த தலைகளுக்கு நடுவே ஒரு தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. டெனிஷ் கண்ணை மூடி, கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு ஜெபித்துக்கொண்டிருந்தான்.