வெள்ளத்தாய் பார்க்காத கோல்

ராஜபாளையம் பெண்கள் கால்பந்து அணி ஆறு வருடமாக அடித்த ஒரு கோல்கூட வெள்ளத்தாயின் கண்ணுக்குத் தப்பியதில்லை. யார் அடித்தது, எத்தனையாவது நிமிடம், வலது காலா இடது காலா, யாருக்கு எப்போது அடிபட்டது, அம்புட்டும் அவளுடைய நீல அட்டை நோட்டில் இருக்கும். இத்தனைக்கும் அவள் வாழ்நாளில் ஒரு பந்தைக் காலால் தொட்டவளில்லை. மம்சாபுரத்துக்காரி, நாற்பத்துநாலு வயது, நூல்மில்லில் வேலை. நூற்றுக்கணக்கான கதிர்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போது எந்த இழை அறுகிறது என்று பார்த்து, ஓடிப்போய் ஒட்ட வேண்டும். இருபது வருடம் அதைச் செய்த கண்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நின்றவள், மைதானத்தில் அந்தப் பிள்ளைகள் சண்டை போடுவதைப் பார்த்தாள். கோலை அடித்தது யார் என்று அவர்களுக்குள்ளேயே தகராறு. "எதுக்கு இம்புட்டு சத்தம்? உதைச்சது சிவப்பு ரிப்பன் கட்டுன பிள்ளை. ஆனா அந்தக் குட்டைப் பிள்ள முழங்கால்ல பட்டுல்லா உள்ள போச்சு" என்றாள் ரோட்டில் நின்றபடியே. அன்றைக்கே நோட்டை அவள் கையில் திணித்துவிட்டார்கள். ஆஃப்சைடு என்றால் என்ன என்று புரியவே அவளுக்கு ஒரு வருடம் ஆனது. அதையும் கூசாமல் எல்லாரிடமும் சொல்வாள்.

அந்த நோட்டுதான் கேத்ரினுக்கு வினையாக வந்தது.

கேத்ரின் சுந்தரபாண்டியத்துப் பெண். மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே அணியில் நடுவரிசையில் ஆடுகிறாள். மாவட்ட அணியில் ஒரே ஓர் இடம் பாக்கி. வயது வரம்பு இந்த வருடத்தோடு அவளுக்கு முடிகிறது. அன்றைய ஆட்டத்துக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்துக்குப் போகிற பஸ்ஸில் அவள் சாதாரணமாகச் சொன்னாள், "இந்தத் தடவையும் இல்லைன்னா பூட்ஸைக் கட்டி வச்சிட்டுக் கடையோட இருந்திருவேன்க்கா."

மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற ஐயாதுரை இடைவேளையில் மைதானத்துக்கு வந்து, முதல் வேலையாக நோட்டை வாங்கிப் புரட்டினார். மற்ற ஊர்க்காரர்கள் எழுதுவதில் புளுகு இருக்கும், இந்த அம்மா எழுதினால் சரியாக இருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

"அதே இடத்துக்கு நிக்கிற அருப்புக்கோட்டைப் பிள்ளை இந்த வருசம் மட்டும் ஒம்பது கோல் போட்டிருக்கு. உங்க கேத்ரின் நாலு வருசத்துல ரெண்டு. அதுலயும் முழங்கால் அடிபட்டு ஆறு மாசம் படுத்துருக்கு. நீங்க எழுதுனதுதானம்மா, நான் எதைச் சொல்லி எடுக்க?"

வெள்ளத்தாய் நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தன் கையெழுத்தே அந்தப் பிள்ளையின் கழுத்தைப் பிடிக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது. நாலு வருடமாகப் பார்க்கிறாள், அந்தப் பிள்ளை மைதானத்தில் என்னதான் செய்கிறாள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது பாதி தொடங்கியதும் பந்து எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று கேத்ரினை மட்டும் பார்க்க ஆரம்பித்தாள்.

பந்து அந்தக் கோடியில் கிடந்தது. எல்லாத் தலையும் அங்கே திரும்பியிருக்க, கேத்ரின் நாலு எட்டு பின்னால் நடந்து வெறும் புல்லில் போய் நின்றாள். அங்கே என்ன வைத்திருக்கிறது என்று வெள்ளத்தாய் நினைத்து முடிப்பதற்குள் பந்து கேத்ரின் காலுக்கு வந்தது. அது வருவதற்கு முன்பே அவள் கழுத்து இரண்டு பக்கமும் திரும்பியிருந்தது, ரோட்டைக் கடக்கிறவள் மாதிரி. நிமிர்ந்து பார்க்காமலே தட்டிவிட்டாள். பந்து போன இடத்தில் தோழி ஒருத்தி ஓடி வந்துகொண்டிருந்தாள்.

எதிரணியில் ஒரு நெட்டைப் பெண், பேய் ஓட்டம் ஓடுகிறவள். கேத்ரின் அவளிடமிருந்து பந்தைப் பறிக்கவே இல்லை. சும்மா இரண்டடி நகர்ந்து நின்றாள். நெட்டைக்காரி வழி இல்லாமல் திரும்பிப் பந்தைப் பின்னால் தள்ளினாள். மறுபடி வந்தாள், மறுபடியும் அதே கதி. ஐந்தாவது தடவை அவள் அந்தப் பக்கம் வரவே இல்லை.

வெள்ளத்தாய்க்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மில்லில் அறுந்த இழையை ஓடிப்போய் ஒட்டினால் மேஸ்திரி பார்ப்பார். அறாமல் ஓடும் இழையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? "அடி ஆத்தி, நாலு வருசமா இதையா பாக்காம இருந்தேன்" என்று முணுமுணுத்தாள். கண் கலங்கிவிட்டது, துடைக்கக்கூட மனமில்லை, அந்த நேரத்துக்குள் எதையாவது தவறவிட்டுவிடுவோமோ என்று.

திடீரென்று மைதானம் கத்தியது. கோல் விழுந்துவிட்டது. ராஜபாளையத்துப் பிள்ளைகள் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து கட்டிக்கொண்டார்கள். கேத்ரின் தனியே நின்று முழங்கால் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஐயாதுரை வேகமாக வந்தார். "கூட்டத்துல சரியாத் தெரியல. யாரும்மா அடிச்சது?"

"தெரியல சார்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நோட்டைக் காட்டினாள். அறுபத்தோராவது நிமிடம் என்று எழுதி, பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"ஆறு வருசத்துல ஒண்ணைக்கூட விட்டதில்லையேம்மா நீங்க. எங்க பாத்துட்டு இருந்தீங்க?"

"கேத்ரினைப் பாத்துட்டிருந்தேன் சார். கண்ணை எடுக்க ஏலல."

ஐயாதுரை அந்த வெற்றிடத்தைச் செத்த நேரம் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "எந்த நம்பர்?"

"ஆறு."

கொஞ்ச நேரம் கழித்து ஐயாதுரை நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆட்டம் முடிய இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும்போது மைதானம் மறுபடியும் கத்தியது. அவர்கள் இருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

விசில் ஊதியதும் கேத்ரின் முகத்தைத் துடைத்தபடி வந்தாள். ஐயாதுரை மாவட்ட அணித் தாளில் ஒரு பெயரை எழுதி, அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பியிருந்தார்.

"ரெண்டு கோலையும் எழுதிட்டியளாக்கா?"

"இல்லட்டி, ரெண்டையும் நான் பாக்கல" என்றாள் வெள்ளத்தாய். "உம் பேரைத்தான் அவர் எழுதிட்டுப் போறார்."

கேத்ரின் நின்ற இடத்திலேயே புல்லில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.